மழைக்கு மறைப்பு, வெயிலுக்கு வாசல்: மலையகத்தில் அரிய கள்ளிகள்

அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே, மனிதர் கொண்டுசெல்லாமல் தானாகவே பரவி வாழும் கள்ளி என்று தாவரவியலார் ஏற்பது ஒரே ஓர் இனத்தைத்தான். ரிப்சாலிஸ் பக்கிஃபெரா என்ற அந்தக் கள்ளி ஆபிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் இருக்கிறது. இலங்கையின் ஈரக் காடுகளில் மரக்கிளையையும் பாறை இடுக்கையும் பற்றிக்கொண்டு, மெல்லிய பச்சைத் தண்டுகளைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருக்கும். வளர்ந்த தண்டில் முள்ளைத் தேடித்தான் பார்க்கவேண்டும். சின்னஞ்சிறு காய்கள் வெள்ளை நிறம். மழை நாட்டில் ஒரு கள்ளி எப்படிப் பிழைக்கிறது என்பதை அதன் இருப்பிடமே சொல்லிவிடும்: நீர் வரும், ஆனால் வேரில் நிற்காது.

இந்த அத்தியாயத்துக்குரிய செடிகள் வேறு வகை. ஆரியோகார்ப்பஸ், அஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டெரியாஸ், டர்பினிகார்ப்பஸ், அஸ்டெக்கியம், கொப்பியாப்போவா என்று, மெக்சிக்கோவின் சுண்ணாம்புக் குன்றுகளிலும் சிலியின் அட்டகாமாக் கரையோரத்திலும் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் மட்டுமே வளரும் இனங்கள். இவற்றை நுவரெலியாவிலோ ஹட்டனிலோ வளர்க்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே நேரான பதில். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ஐரோப்பியப் புத்தகங்களில் இருக்கும் நாட்காட்டியை ஒதுக்கிவிட வேண்டும்.

அந்தப் புத்தகங்கள் எல்லாம் குளிர்காலத்தில் நீரை நிறுத்து, கோடையில் ஊற்று என்கின்றன. அங்கே இருளும் குளிரும் ஒரே நேரத்தில் வருவதால் அது சரி. மலையகத்தில் இரண்டும் வெவ்வேறு மாதங்களில் வருகின்றன. நுவரெலியாவில் இரவு மிகக் குளிர்வது ஜனவரியிலும் பெப்ரவரியிலும். சில ஆண்டுகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகிப்போவதும் அப்போதுதான். ஆனால் அதே வாரங்களில்தான் பகலில் வானம் நீலமாகத் திறந்து, வெயில் முழுதாகக் கிடைக்கிறது. இருட்டு வருவது மே மாத இறுதியில், தென்மேல் பருவக்காற்றோடு. செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கம் மழையும் மூட்டமும் விடாது. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் சொல்லவே வேண்டாம். மலையகத்துக் கள்ளியைக் கொல்வது குளிரல்ல. வெளிச்சம் இல்லாத நாளில் வேரில் இருக்கும் ஈரம். ஆகவே இங்கே செடிக்கு ஓய்வுகாலம் என்பது பருவமழைக்காலம்.

இதைத் தோட்ட மக்கள் மறக்காமல் கடைப்பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. தேயிலையின் கொப்புள நோய் 1946இல் இலங்கைக்குள் வந்தது. அன்றிலிருந்து மூட்டமான மாதங்களில் மலைக்குச் செம்பு மருந்து அடிப்பது தோட்டங்களில் வழக்கம். அந்தப் பூஞ்சைக்குப் பிடித்த வானிலை எதுவோ, அதுவே கள்ளியை அழுகவைக்கும் வானிலை. மலையில் மருந்து அடிக்கத் தொடங்கினால் கள்ளிக்கு நீரை நிறுத்திவிடலாம்.

இடத்துக்கு இடம் கணக்கு மாறும். ஹட்டன், தலவாக்கலைப் பகுதியில் ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை நல்ல வளர்ச்சிக்காலம். பத்து, பன்னிரண்டு நாளுக்கொருமுறை நீர் போதும். நுவரெலியாவில் உறைபனி அபாயம் தணியும் வரை, பெப்ரவரி நடுப்பகுதி வரை, காத்திருப்பது நல்லது. காய்ந்த வேருடன் நிற்கும் மெக்சிக்கோக் கள்ளி 4, 5 பாகைக் குளிரைத் தாங்கும். ஈர வேருடன் நின்றால் தாங்காது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் கதை தலைகீழ். அங்கே மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஜூன், ஜூலையில் காய்ந்த காற்று வீசும். ஹட்டனில் நீரை நிறுத்தும் அதே வாரத்தில் வெலிமடையில் ஊற்றலாம். ஒரே மலையகத்து நண்பர்கூடத் தமது அட்டவணையை இன்னொருவருக்கு அப்படியே கொடுக்க முடியாது.

மலைக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லவேண்டும். கள்ளிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்குபவை. இரவு குளிர்ந்தால்தான் இந்த வேலை சரியாக நடக்கும். கொழும்பின் 25 பாகை இரவில் திணறும் டர்பினிகார்ப்பஸ், ஹட்டனின் 15 பாகை இரவில் நன்றாக மூச்சுவிடும். பீலித் தண்ணீரும் அப்படியே. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப் போலச் சுண்ணாம்புக் கறை படியவைக்காத மென்னீர் அது. இந்த இரண்டுக்காகவும் சமவெளிக்காரர் மலையகத்தாரைப் பார்த்துப் பொறாமைப்படலாம்.

மழை மலையில் கள்ளி வளர்ப்பதற்கு முன்னுதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. டார்ஜிலிங் தேயிலை நாட்டின் பக்கத்திலேயே இருக்கும் கலிம்போங், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,250 மீற்றர் உயரம். கிட்டத்தட்ட ஹட்டனின் உயரம்தான். அங்கும் ஜூன் முதல் செப்டெம்பர் வரை கொட்டும் மழை. அந்த ஊர்தான் இந்தியக் கள்ளி வளர்ப்பின் பெயர்பெற்ற இடங்களில் ஒன்று. பைன் வியூ நர்சரியின் கள்ளித் தொகுப்பைப் பார்க்கவே பயணிகள் போகிறார்கள். அங்கே செடிகள் நிற்பது கூரைக்குக் கீழே. கலிம்போங்கிலிருந்து எடுக்கவேண்டிய பாடம் அந்தக் கூரை.

கூரைக்குப் பெரிய செலவு வேண்டாம். நுவரெலியாவில் மரக்கறிக்கும் பூவுக்கும் போடும் புறஊதாக் கதிர் தாங்கும் பொலித்தீனே போதும். ஆனால் மரக்கறிக் கூடாரத்தைப் போலப் பக்கங்களை மூடிவிடக் கூடாது. நான்கு பக்கமும் வலை மட்டும். காற்று ஊடுருவிப் போகவேண்டும். லயத்து முன்வாசலில் சுவரோடு சாய்த்து, 2 மீற்றர் நீளம் 1 மீற்றர் அகலத்தில் ஒரு மேடை போட்டால் இருநூறு சிறு சாடிகள் அடங்கும். மெதுவாக வளரும் கள்ளியின் பெருமையே இதில்தான். பங்களாவின் புல்வெளி தேவையில்லை. பத்து ஆண்டுத் தொகுப்பு ஒரு கதவு அகலத்துக்குள் இருக்கும். மேடை கிழக்கு அல்லது தெற்கு வெளிச்சத்தைப் பார்த்திருந்தால் நல்லது. மலையகத்தில் பிற்பகலில் மூட்டம் ஏறிவிடும். காலை வெயிலை நம்பித்தான் வாழவேண்டும்.

அடுத்தது மண். தேயிலை மண் கள்ளிக்கு ஆகாது. அது புளிப்பு மண், ஈரத்தைப் பிடித்துவைக்கும். கடைகளில் சாடிக்கு நிரப்பிக் கொடுக்கும் தும்புத்தூள் கலவையும் ஆகாது. பருவமழைக்காலத்தில் ஒருமுறை நனைந்த தும்புத்தூள் வாரக்கணக்கில் காயாது. சாடியில் பெரும்பகுதி கல்லாக இருக்கவேண்டும்: 3 முதல் 6 மில்லிமீற்றர் வரையான கருங்கல் சில்லு நான்கு பங்கு, தூசி போகக் கழுவிய பரும் ஆற்றுமணல் இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, நன்கு மக்கிச் சலித்த இலைமண் ஒரு பங்கு. சுண்ணாம்புப் பாறையில் வளரும் ஆரியோகார்ப்பஸுக்கு இலைமண்ணைக் குறைத்து, கவ்வாத்துக்குப் பின் தேயிலைக்கு இடும் டொலமைட்டில் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். ஊற்றிய நீர் சில விநாடிகளில் அடித்துளையால் ஓடி வெளியேறவேண்டும். பெப்ரவரி வெயிலில் நாலைந்து நாளில் சாடி முழுதும் காயாவிட்டால் கலவையில் கல் போதாது என்று அர்த்தம். தேயிலைக்கு இடும் யூரியாக் கலவையைக் கள்ளியின் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. உடல் ஊதி, தோல் வெடித்து, அந்த வெடிப்பில் பூஞ்சை குடியேறும்.

எந்த இனத்தோடு தொடங்குவது? டர்பினிகார்ப்பஸோடு. கட்டைவிரல் பருமனிலேயே பூக்கும். விதையிட்டு மூன்று நான்கு ஆண்டில் பூவைப் பார்த்துவிடலாம். ஒரு பருவமழையைத் தாண்டிய பிறகு வளர்ப்பவருக்கும் தைரியம் வரும். அடுத்தபடி அஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டெரியாஸ், அதன் பிறகு ஆரியோகார்ப்பஸ். ஆந்திஸ் மலைப் பாறை இடுக்குகளில் வளரும் ப்ளொஸ்ஃபெல்டியா, கள்ளிகளிலேயே மிகச் சிறியது, சட்டைப் பொத்தான் அளவு. குளிருக்குப் பழகியது என்பதால் நுவரெலியாவில் முயன்று பார்க்கத் தகுந்தது. மெலோகாக்டஸ், டிஸ்கோகாக்டஸ் இரண்டையும் மலைக்குக் கொண்டுவர வேண்டாம். அவை வெப்பவலயச் சமவெளிச் செடிகள். 15 பாகைக்குக் கீழே தொடர்ந்து போனால் வேர் செத்துவிடும். அவற்றின் அழகில் மயங்கி வாங்கியவர்கள் மன்னாரிலோ அம்பாந்தோட்டையிலோ இருக்கும் உறவினருக்குக் கொடுத்துவிடலாம்.

விதைதான் இந்தச் செடிகளைப் பெருக்கும் முதன்மை வழி. ஆரியோகார்ப்பஸ், அஸ்ட்ரோஃபைட்டம் போன்றவை பெரும்பாலும் பக்கக் கன்று விடுவதில்லை. வெட்டி நட ஒன்றும் இருக்காது. தோட்டத்துத் தவறணையில் வேலைசெய்தவர்களுக்கு இந்த விதைப்புமுறை சுலபமாகப் புரியும். ஒற்றை இலைத் துண்டிலிருந்து தேயிலைக் கன்று எடுக்கும்போது, பொலித்தீன் கூடாரத்துக்குள் ஈரக்காற்றை அடைத்துவைத்து வேர்விட வைக்கிறார்களே, அதே தத்துவம்தான். 1925இல் தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய அந்தக் கைப்பழக்கம், மலையகப் பெண்கள் பலரிடம் இன்றும் இருக்கிறது. சுத்தம், நிழல், பொறுமை மூன்றும் கூடிய அந்தக் கைகளுக்குக் கள்ளி விதை புதிய வேலையாக இருக்காது.

செய்முறை இதுதான். மேலே சொன்ன கலவையை இலைமண் இல்லாமல், மெல்லிய சில்லாகச் சலித்து, ஈரப்படுத்தி, இடியப்பம் அவிக்கும் பானையில் அரைமணி நேரம் ஆவியில் அவிக்கவேண்டும். ஆறிய பின் சிறு பிளாஸ்டிக் சாடியில் இட்டு, விதைகளை மேலே தூவி, மண்ணால் மூடாமல் விடவேண்டும். அஸ்டெக்கியத்தின் விதை தூசி போன்றது. மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடும் என்பதால் காகித மடிப்பிலிருந்து தட்டி இறக்குவது நல்லது. பிறகு சாடியை அப்படியே தெளிவான பொலித்தீன் பைக்குள் வைத்து இறுகக் கட்டிவிடவேண்டும். 25 பாகை வெப்பம் தேவை. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகைதான். எனவே பைகளை வெளி மேடையில் வைப்பதில் பயனில்லை. அடுப்படிச் சுவரை ஒட்டிய தட்டு, மேலே ஓர் எல்.ஈ.டி. விளக்கு, நாளுக்கு 12 முதல் 14 மணிநேர வெளிச்சம். இவ்வளவும் இருந்தால் வெளியில் பருவமழை கொட்டினாலும் உள்ளே நாற்று நிற்காமல் வளரும். வளர்ந்த செடிக்குச் சொன்ன மழைக்கால ஓய்வு முதலாண்டு நாற்றுக்கு இல்லை.

அஸ்ட்ரோஃபைட்டம் சில நாளிலேயே முளைத்துவிடும். அதன் விதை பழசானால் முளைப்புத்திறன் வேகமாகக் குறையும் என்பதால் புதிதாகவே விதைக்கவேண்டும். ஆரியோகார்ப்பஸ் ஓரிரு வாரம் எடுக்கும். முளைத்ததும் அது கள்ளி மாதிரியே இருக்காது: பச்சைப் பயறின் அளவில் ஒரு மொட்டை உருண்டை, அவ்வளவுதான். சில மாதம் கழித்து அந்த உருண்டையின் உச்சியில் முதல் முக்கோணத் தளிர்முடிச்சு ஒன்று எட்டிப்பார்க்கும். அதன் நுனியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மெல்லிய முள்கூடத் தெரியும். வளர்ந்த ஆரியோகார்ப்பஸுக்கு முள்ளே கிடையாது. ஓராண்டு முடிவில் நாற்று ஒரு சென்ரிமீற்றரைத் தொட்டால் அது நல்ல வளர்ச்சி. நிலத்துக்கு மேலே ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும் அந்தக் காலத்தில், கீழே முள்ளங்கி போலக் கிழங்குவேர் இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் மாற்றி நடும்போது அகலமான சாடியைவிட ஆழமான சாடியே தேவை. சொந்த வேரில் முதல் பூவுக்கு ஏழு முதல் பத்து ஆண்டு. அஸ்டெக்கியம் ரிட்டெரி இன்னும் மெதுவானது. இரண்டு ஆண்டு கழித்தும் அது சில மில்லிமீற்றர்தான் இருக்கும். அதைவிட வேகமாக வளரும் பாசியே அதன் முதல் எதிரி.

பையை ஒரே நாளில் திறந்துவிடக் கூடாது. நாலைந்து மாதம் கழித்து, வெளியில் காற்று காய்ந்திருக்கும் வாரமாகப் பார்த்து, முதலில் ஊசியால் துளைகள் இட்டு, பிறகு வாயைத் தளர்த்தி, இரண்டு மூன்று வாரத்தில் முழுதாகத் திறக்கலாம். விதைக்கும் நாளைக் கணக்கிட்டுக்கொண்டால் திறக்கும் நாள் ஜனவரி, பெப்ரவரியில் வரும்படி அமைக்கலாம்: செப்டெம்பரில் விதைப்பு, பெப்ரவரியில் திறப்பு.

இவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்களுக்கும், மெலிந்த நாற்றைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கும் ஒட்டு இருக்கிறது. இதில் ஒட்டுக்கட்டையின் தேர்வே பாதி வெற்றி. பூச்செடிக் கடைகளில் சிவப்பு, மஞ்சள் தலையோடு விற்கும் ஒட்டுக்கள்ளியின் அடிக்கட்டை பெரும்பாலும் டிராகன் பழக் கொடி. அது வெப்பநாட்டுச் செடி. நுவரெலியாவின் ஜனவரி இரவில் கறுத்து அழுகும். அப்படிச் செத்த செடியைப் பார்த்து மலையில் கள்ளி வராது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். செத்தது கட்டைதான். ஆந்திஸ் மலையிலிருந்து வந்த ட்ரைக்கோசீரியஸ், எக்கினொப்சிஸ் கட்டைகள் மலையகக் குளிரைச் சாதாரணமாகத் தாங்கும். ஹட்டனுக்குக் கீழே இறங்கினால் மிர்ட்டிலோகாக்டஸும் சரிவரும். ஒரு மாத நாற்றை ஒட்டுவதற்கு இலையுள்ள பெரெஸ்கியொப்சிஸ் சிறந்தது. ஆனால் அதை வீட்டுக்குள், விளக்குக் கீழே மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஒட்டும் நாள் காய்ந்த காலை நேரமாக இருக்கட்டும். கவ்வாத்துக் கத்தி வேண்டாம். புது சவர பிளேடு, ஸ்பிரிட்டில் துடைத்தது. கட்டையைக் குறுக்கே ஒரே இழுப்பில் வெட்டியதும் நடுவில் வெளிறிய வளையம் ஒன்று தெரியும். நீரையும் உணவையும் கடத்தும் குழாய்கள் அந்த வளையத்தில்தான் இருக்கின்றன. கட்டையின் வரப்பு ஓரங்களைச் சாய்வாகச் சீவிவிடவேண்டும். சீவாவிட்டால் சதை காய்ந்து உள்வாங்கும்போது தோல் மட்டும் விறைத்து நின்று ஒட்டுத்தலையைத் தூக்கிவிடும். வெட்டின் மேல் இன்னொரு மெல்லிய சீவலை எடுத்து, அதை அங்கேயே மூடியாக விட்டுவிட்டு, தலையை வெட்டித் தயாராக்கி, மூடியைத் தள்ளிவிட்டுத் தலையை வைக்கவேண்டும். இரண்டு வளையங்களும் ஓர் இடத்திலாவது ஒன்றையொன்று வெட்டவேண்டும். சிறிய தலையைச் சரி நடுவில் வைத்தால் அது வளையத்துக்குள்ளேயே நின்றுவிடும், ஒட்டாது. சற்றுத் தள்ளி வைப்பதே சரி. லேசாகத் திருகிக் காற்றை வெளியேற்றி, இரண்டு இறப்பர் வளையத்தால் சாடியோடு சேர்த்துக் கட்டி, ஒரு வாரம் நிழலில் விட்டால் போதும்.

ஒட்டிய ஆரியோகார்ப்பஸ் இரண்டு மூன்று ஆண்டிலேயே பூக்கும். உண்மையைச் சொன்னால், அது ஊதிய உடம்போடு, காட்டுச் செடியின் இறுக்கமான அழகு இல்லாமல்தான் வளரும். அதனால் ஒட்டை விதை எடுப்பதற்கும் நோயாளியைக் காப்பதற்கும் வைத்துக்கொண்டு, காட்சிக்குச் சொந்த வேர்ச் செடியை வளர்ப்பதே சிறந்தது. ஒட்டுத்தலையை மீண்டும் வெட்டி வேர்விட வைப்பதானாலும், பக்கக் கன்று விடும் இனங்களில் கன்றைப் பிரித்து நடுவதானாலும், பெப்ரவரிதான் காலம். வெட்டில் கந்தகத்தூளைத் தடவி, மூன்று வாரம் காற்றில் காயவிடவேண்டும். மூட்டமான மாதத்தில் வெட்டு காய்வதேயில்லை.

பூச்சிகளில் இரண்டைத் தோட்டத்தார் ஏற்கெனவே அறிவார்கள். தேயிலையைத் தாக்கும் சிவப்புச் சிலந்தியின் உறவினர், காய்ந்த மாதங்களில் கள்ளியின் உச்சியையும் பழுப்பாக்கும். மாவுப்பூச்சி வேரிலும் ஒளிந்திருக்கும். புதிதாக வாங்கிய செடியைச் சாடியிலிருந்து எடுத்து வேரைப் பார்க்காமல் மேடையில் சேர்க்கவே கூடாது. கள்ளியில் ஒட்டிவாழும் பூச்சி எவ்வளவு வல்லது என்பதற்கு இந்தத் தீவின் சரித்திரமே சான்று. சாயத்துக்கான இந்திரகோபம் என்று நினைத்து 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குத் தவறாகக் கொண்டுவரப்பட்ட ஒரு பூச்சி, 1860களில் இலங்கைக்கும் வந்து, பரவிக் கிடந்த சப்பாத்திக்கள்ளி இனம் ஒன்றை அழித்தது. காடளவு கள்ளியைத் தின்ற கூட்டத்தின் உறவினருக்கு இருநூறு சாடி எம்மாத்திரம்! பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, கண்ட அன்றே துடைக்கவேண்டும்.

செடி எங்கிருந்து வருகிறது என்பதில் கண்டிப்பாக இருக்கவேண்டும். 2015இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று, கள்ளியினங்களில் 31 விழுக்காடு அழிவின் அச்சுறுத்தலில் இருப்பதாகக் கண்டது. காரணங்களில் ஒன்று, சேகரிப்பவர்களின் ஆசை. 2020இல் இத்தாலியில் ஒரே வீட்டுத் தேடுதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்டுக் கொப்பியாப்போவாக்களும் பிற காட்டுக் கள்ளிகளும் பிடிபட்டன. அடுத்த ஆண்டு அவற்றில் 844 செடிகள் சிலிக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. நூறாண்டு வெயிலைக் குடித்து வளர்ந்த செடியைப் பிடுங்கி விற்பதைத் திருட்டு என்றே சொல்லவேண்டும். விலை குறைவு என்று அப்படிப்பட்டதை வாங்குகிறவருக்கும் அதில் பங்கு உண்டு.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. கள்ளிக் குடும்பம் ஏறத்தாழ முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் வருகிறது. ஆரியோகார்ப்பஸ், டர்பினிகார்ப்பஸ், அஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டெரியாஸ், அஸ்டெக்கியம் ரிட்டெரி ஆகியவை மிகக் கடுமையான முதலாம் பட்டியலில். இவற்றின் விதைக்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். இலங்கை 1979இலேயே உடன்படிக்கையில் சேர்ந்தது. அதற்கு மேல், 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து செடியோ விதையோ தருவிக்கும் முன் விவசாயத் திணைக்களத்திடம் இறக்குமதி அனுமதி பெறவேண்டும். தபாலில் ஒளித்து அனுப்பச் சொல்வது பறிமுதலில்தான் முடியும். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் கள்ளிக் கூடத்தைப் போய்ப் பார்த்து, இனங்களை அடையாளம் காணப் பழகிக்கொண்டு, உள்நாட்டில் விதையிலிருந்து வளர்ப்பவர்களிடம் வாங்குவது நல்ல தொடக்கம்.

தங்கப் பீப்பாய் என்று அழைக்கப்படும் கள்ளியின் கதை இங்கே பொருந்தும். மெக்சிக்கோவில் சிமப்பான் அணை கட்டப்பட்டபோது அதன் வாழிடத்தில் பெரும்பகுதி நீருக்குள் போனது. காட்டில் அது அருகிவிட்டது. ஆனால் உலகெங்கும் நாற்றுமேடைகளில் லட்சக்கணக்கில் நிற்கிறது, எல்லாம் விதையிலிருந்து. ஹட்டனில் ஒருவர் தம் மேடையில் எடுக்கும் விதைக்கும் அந்த மதிப்பு உண்டு.

விதை வேண்டுமானால் இரண்டு செடி வேண்டும். இந்த இனங்களில் பெரும்பாலானவை தம் சொந்த மகரந்தத்தை ஏற்காது. ஒரே செடியின் கன்றுகளும் உதவாது. இரண்டும் ஒரே நாளில் விரியும்போது, நண்பகல் வெயிலில், மெல்லிய தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் சூலகமுடியில் தடவவேண்டும். மூட்டமான நாளில் பூ முழுதாக விரியாது. அன்று முயற்சி வீண். அஸ்ட்ரோஃபைட்டத்தின் காய் சில வாரங்களில் முற்றி வெடிக்கும். ஆரியோகார்ப்பஸின் காய் உச்சிப் பஞ்சுக்குள் மாதக்கணக்கில் மறைந்திருக்கும். பொறுமையிழந்து தோண்டினால் வளர்முனை சிதைந்துவிடும். பஞ்சுக்கு மேலே காய்ந்த நுனி தெரியத் தொடங்கியதும் சிமிட்டாவால் மெல்ல எடுத்து, விதையைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் இனத்தின் பெயர், தாய்ச் செடிகளின் இலக்கம், ஆண்டு மூன்றையும் எழுதி வைக்கவேண்டும். உறையை அடுப்படியில் வைக்காமல், மூடியிறுகிய போத்தலில் கொஞ்சம் வறுத்த அரிசியோடு போட்டு வைத்தால், செப்டெம்பர் விதைப்பு வரை பூஞ்சணம் பிடிக்காது.